பெரட்டில் வாங்கிய சம்மதம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே ஒரு ஆள் கையை நீட்டுகிற அளவு திறப்பு இருக்கும். அதன் வழியாகப் பக்கத்து வீட்டுக் கருவாட்டு வாசம் வரும், சண்டை வரும், சீரியல் பாட்டு வரும். எங்கள் டீவி பழுதாகிக் கிடந்த மாதங்களில் அம்மா பக்கத்து வீட்டுச் சீரியலைக் காதாலேயே பார்த்து முடித்தார். கடைசி வாரத்தில் கதாநாயகியின் முகம் எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்டார்.

சுவரில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. நான் செய்ததற்கு அந்தச் சுவரைத்தான் சாக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். லயத்தில் ரகசியம் என்று ஒன்று கிடையாது, அதனால் நான் எதையும் உடைக்கவில்லை என்று.

ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழகக் கடிதத்துக்குக் காத்திருந்த காலம் அது. என்னைப் போன்றவளுக்குச் சும்மா இருப்பதுதான் பெரிய தண்டனை. பசறைக்குப் பஸ் ஏறி கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனேன், பாதியில் விட்டேன். சிங்கள வகுப்புக்குப் போனேன், அதையும் விட்டேன். அப்போதுதான் நான் படித்த பாடசாலைக்கு ஒரு ஆய்வு வந்தது. பிள்ளைகளின் மனசுக்குப் பாடசாலை செய்கிற உதவி உண்மையிலேயே உதவுகிறதா என்பதைப் பிள்ளைகளிடமே கேட்கிற ஆய்வு. கேட்கிறவர்களும் பெரிய ஆட்களாக இருக்கக்கூடாது, அந்தந்தத் தோட்டத்து இளம் ஆட்களாக இருக்கவேண்டும் என்று சொன்னார்கள். அதைக் கேட்டு முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கியிருந்தேன்.

ஆய்வை நடத்தியவர் ஒரு அக்கா. ஹட்டன் பக்கத்து லயத்தில் பிறந்து, படித்து, இப்போது கொழும்பில் வேலை பார்க்கிறவர். பதுளையில் ஒரு மண்டபத்தில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார். எப்படிக் கேட்பது, எப்போது நிறுத்துவது, அழுதால் என்ன செய்வது என்றெல்லாம் நடித்துக் காட்டச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் முதலில் எழுந்தவள் நான்தான். கடைசியில் அக்கா சொன்னார்: "பெத்தவங்க சம்மதம் வாங்கணும். வீடு வீடா போகணும், அவங்க வேல முடிஞ்சு வந்த பொறகு, தனியா. எந்தப் புள்ள ஆலோசனை ரூமுக்குப் போகுதுன்னு அடுத்தவங்களுக்குத் தெரியவே கூடாது."

நான் கையைத் தூக்கினேன். "அக்கா, லயத்துல போய் தனியான்னா எப்படிங்க? எங்க வீட்டுல தும்முனா நாலாவது வீட்டுல 'நூறு வயசு'ம்பாங்க."

மண்டபமே சிரித்தது. அக்காவும் சிரித்தார். பிறகு, "அதனாலதான் சொல்றேன்," என்றார். சிரிப்பு வாங்கிய சந்தோஷத்தில் அந்த இரண்டாவது பேச்சு என் காதில் சரியாக ஏறவில்லை.

எங்கள் பாடசாலையில் ஆலோசனை அறை என்பது பழைய விளையாட்டுச் சாமான் அறையின் பாதி. பலகையால் மறித்து, ஒரு திரை போட்டு, உள்ளே உட்கார இரண்டு கதிரை வைத்திருப்பார்கள். மறுபாதியில் இன்னமும் காற்றுப்போன வலைப்பந்துகள் கிடக்கும். ஆலோசனை டீச்சர் சுகாதாரப் பாடமும் எடுப்பவர். அந்த அறைக்கு வழக்கமாக வருகிற பிள்ளைகளில் யாருக்கு ஆய்வில் பேச விருப்பம் என்று அவரே மெதுவாகக் கேட்டு வைத்திருந்தார். எங்கள் தோட்டத்தில் மூன்று பேர். அதில் ஒருத்தி எங்கள் லயத்தின் கடைசிக் காம்பரா. பதினோராம் ஆண்டு, ஓ.எல். பரீட்சை எழுதப் போகிறவள். முறைக்கு அவளுடைய அம்மா எனக்கு அத்தை.

அதற்கு முந்தைய வருடத்துப் பெரிய மழையில் லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்திருந்தது. எங்களை எல்லாம் பாடசாலை மண்டபத்துக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். வாரக்கணக்கில் அங்கேதான் சமைத்துத் தின்றோம். மலை சரியவில்லை, திரும்பி வந்துவிட்டோம். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அதற்குப் பிறகு மழை பெய்தால் வகுப்பில் உட்கார முடியாமல் போனது. தகரத்தில் மழை விழத் தொடங்கினால் பாடம் காதில் விழாது. ஜன்னல் வழியாக மலையையே பார்த்துக்கொண்டிருப்பாள். விரல்கள் ஐஸ் மாதிரி ஆகிவிடும். டீச்சர்தான் கண்டுபிடித்து, மழை நேரத்தில் அந்த அறைக்கு வரச் சொன்னார். அந்த அறையின் ஜன்னல் மலைப் பக்கம் இல்லை, மைதானத்துப் பக்கம். அங்கே இருந்து கொஞ்சம் பேசி, கொஞ்சம் படித்து, மூச்சு நிதானமானதும் வகுப்புக்குத் திரும்பிப் போவாள்.

"மழ நாளுல அந்த ரூம் இல்லாட்டி நான் ஸ்கூலுக்கே வந்துருக்க மாட்டேன்க்கா," என்று என்னிடம் சொன்னாள். "அத எழுதிக்கங்க. ரூம எடுத்துறாதீங்கன்னு எழுதிக்கங்க."

அவள் கேட்டது அவ்வளவுதான்.

தோட்டத்தில் யாருக்கும் இது தெரியாது. அத்தை எல்லோரிடமும், மகளுக்கு மழைக் குளிரில் மூச்சிழுப்பு வருகிறது என்று சொல்லி வைத்திருந்தார். இழுப்பு மரியாதையான வியாதி. கல்யாணத்துக்குக் கேட்டு வருகிறவர்கள்கூட அதற்குப் பயப்பட மாட்டார்கள். லயமே வைத்தியம் பார்த்தது. ஒருத்தர் துளசி கொண்டுவந்தார், ஒருத்தர் லுணுகலையில் இருந்து ஏதோ சூரணம் வாங்கி வந்தார். எதிர்வீட்டு அம்மா யூகலிப்டஸ் தைலம் ஒரு போத்தல் முழுக்கக் கொடுத்தார். ஒன்றும் இல்லாத நெஞ்சில் தைலம் தேய்த்துக்கொண்டு அந்தப் பிள்ளை பாடசாலைக்கு வருவாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் நமக்குக் கண் எரியும்.

எனக்குப் பொறுமை இல்லை. மூன்று வீடு, மூன்றிலும் அம்மாக்கள் மலையிலிருந்து இறங்கி வந்து தண்ணீர் எடுத்து ரொட்டி தட்டுகிற நேரம். போனால் "நாளைக்கு வா பாப்பா" என்பார்கள். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எல்லா அம்மாக்களும் ஒரே இடத்தில் ஒன்றாக நிற்கிற ஒரு இடம் தோட்டத்தில் இருக்கிறது. காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்களம். அங்கே போனால் ஒரு கையெழுத்து வாங்குகிற நேரத்தில் மூன்றும் முடிந்துவிடும். வீட்டில் கேட்டாலும் லயம் முழுக்கக் கேட்கத்தானே போகிறது? என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு போனேன்.

பனி இன்னும் கலையவில்லை. பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிக்கொண்டு நின்றார்கள். கங்காணி என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார்.

"ஆ, நம்ம கெம்பஸ் புள்ள! இன்னும் லெட்டர் வரலியா?"

"வரும் மாமா."

"வர்றதுக்குள்ள கொழுந்து பறிக்கப் பழகிரு. ஒரு தொழில் கையில இருக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாடசாலை வேலை, மூன்று அம்மாக்களிடம் கையெழுத்து வாங்கவேண்டும் என்று மெதுவாகத்தான் சொன்னேன். உதவி செய்கிற நல்ல மனசு அவருக்கு. மூன்று பேரையும் பெரட்டுக் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பெரட்டில் ஒரு பெயரைத் தனியாகக் கூப்பிட்டால் அது நல்லதுக்கு இருக்காது. எடை குறைந்திருக்கும், இல்லாவிட்டால் முறைப்பாடு வந்திருக்கும். களம் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

எதிர்வீட்டு அம்மாதான் முதலில் கேட்டார். "என்னா பாப்பா, இந்த மூணு பேருக்கு மட்டும்? பேக் குடுக்குறாங்களா?"

"இல்லைங்க பெரியம்மா..."

"போன தடவையும் இப்படித்தான். தெரிஞ்ச ஆளா பார்த்து கொப்பி குடுத்தாங்க. எங்க புள்ளைங்க எல்லாம் ஸ்கூல் போகலியா?"

"ஆமா, ஒங்க லயத்துக்கு மட்டும் எழுதிக்குவீங்க!" என்று பின்னால் இருந்து இன்னொரு குரல்.

வெளியில் இருந்து யாராவது வந்து சிலருடைய பெயரை மட்டும் எழுதினால் சாமான் வரும் என்று அர்த்தம். எங்கள் தோட்டத்தில் பிறந்த எனக்கு இது தெரியாதா? வீட்டுக்கு வீடு போயிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. இப்போது நான் ஓரவஞ்சனைக்காரி ஆகிவிட்டேன். என்னைப் பற்றி அப்படி யாரும் நினைப்பதை என்னால் தாங்க முடியவில்லை. அவசரமாக, சத்தமாக, தெளிவாகச் சொன்னேன்.

"சாமான் ஒன்னும் குடுக்கலைங்க. இது மனசு சம்பந்தப்பட்ட ஆய்வு. ஸ்கூல்ல ஆலோசனை ரூமுக்குப் போற புள்ளைங்ககிட்ட மட்டுந்தான் கேக்குறோம்."

என் நியாயம் தெளிவாகிவிட்டது.

"மனசுன்னா?" என்றார் ஒருவர்.

"மண்டைக்குத்தான், வேற என்னா," என்றார் இன்னொருவர், மெதுவாக.

"அப்ப இழுப்பு?" என்றார் எதிர்வீட்டு அம்மா.

அத்தை என் முன்னால் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "எங்க போடணும்?" என்று மட்டும் கேட்டார். போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய் தன்னுடைய இடத்தில் நின்றார். மற்ற இரண்டு அம்மாக்களும் வரவில்லை.

கங்காணிக்கு ஏதோ புரிந்திருக்கவேண்டும். "சரி சரி, என்னா வேடிக்க? மலைக்கு நடங்க," என்று சத்தம் போட்டார்.

அன்று சாயங்காலம் பீலியில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பேச்சு அதுவாகத்தான் இருந்தது என்று அம்மா வந்து சொன்னார். இருட்டுவதற்கு முன்பு எதிர்வீட்டு அம்மா கடைசிக் காம்பராவுக்குப் போய்த் தைலப் போத்தலைத் திருப்பிக் கேட்டார். "இல்லாத வியாதிக்கு எதுக்கு எங்க தைலம்?" அத்தை போத்தலின் வெளிப்புறத்தைக் கழுவி, முந்தானையால் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தார். இதை நான் எங்கள் வாசல் இஸ்தோப்பில் நின்று பார்த்தேன். போத்தலில் பாதிக்கு மேல் தைலம் இருந்தது.

அடுத்த மழையில் அந்தப் பிள்ளை ஆலோசனை அறைக்குப் போகவில்லை. வகுப்பிலேயே மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பின் வரிசையில் இருந்து ஒருத்தன், "பைத்தியக்கார ரூமுக்குப் போற நேரமாச்சு" என்றிருக்கிறான். பேக்கை எடுத்துக்கொண்டு மழையிலேயே வீட்டுக்கு நடந்து வந்துவிட்டாள். அதற்குப் பிறகு மழை நாளென்றால் பாடசாலைக்குப் போவதில்லை. ஐப்பசி மாதத்தில் எங்கள் பக்கம் மழை இல்லாத நாள் எது? ஓ.எல். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் கதவை மூடிக்கொண்டு உள்ளே கிடந்தாள்.

அக்காவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். எந்த இடத்தில், யார் யார் முன்னால் என்று மட்டும் கேட்டார். பிறகு, "தனியா ஒன்ன அனுப்பியிருக்கக் கூடாது. தப்பு என்னோடது," என்றார். நேரில் வந்து மற்ற இரண்டு வீட்டிலும், பிறகு அத்தையிடமும் மன்னிப்புக் கேட்டார். வாங்கின கையெழுத்து செல்லாது, மகளிடம் எதுவும் கேட்க மாட்டோம் என்று சொன்னார். அத்தை எங்களுக்குப் பிளேன்டீ போட்டு, இஞ்சி பிஸ்கட் வைத்தார். நல்ல கோப்பைகளை எடுத்திருந்தார்.

"பாவம், இது நல்லதுக்குத்தானே செஞ்சிச்சு," என்றார் என்னைக் காட்டி.

அந்தப் பேச்சுக்குப் பதிலாக எனக்குக் கன்னத்தில் ஒரு அறை விட்டிருக்கலாம். நல்லதுக்குத்தான் செய்தேனா? அந்த நிமிடத்தில் நான் காப்பாற்றிக்கொண்டது என் பெயரை. பேக் கொடுக்கிறதில் ஓரவஞ்சனை செய்கிறவள் இல்லை என்று நிரூபிப்பதற்காக ஒரு பிள்ளையின் இழுப்பை எடுத்து நடுக்களத்தில் போட்டேன். அத்தைக்கு அது தெரியாமல் இருக்குமா? தெரிந்துதான் சொன்னார் என்று எனக்குத் தோன்றுகிறது. மூடிய உள்கதவுக்குப் பின்னால் அவள் இருந்தாள். மேலே திறந்திருந்த சுவர் வழியாக நாங்கள் பேசியது எல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் எனக்கு அடுத்த யோசனை வந்தது. மறுபடியும் பெரட்டுக்குப் போய், மனசு சரியில்லை என்றால் பைத்தியம் இல்லை என்று எல்லோருக்கும் விளக்கிச் சொல்வது. ஒரு பேச்சே தயார் பண்ணினேன். அத்தையைப் பீலியில் பார்த்தபோது சொன்னேன்.

அவர் குடத்தைக் கீழே வைத்தார். "அம்மாடி, ஒனக்குக் கோடி புண்ணியம். நீ இன்னொரு தடவ பெரட்டுக்கு வராத. ஒன் வாய நாங்க தாங்க மாட்டோம்." பிறகு, கொஞ்சம் தணிந்து, "சும்மா இரு பாப்பா. சும்மா இருக்க ஒனக்கு வராது, தெரியும். இருந்து பாரு," என்றார்.

இருந்தேன். எனக்குத் தெரிந்து முதல் தடவையாக. மழை பெய்கிற காலைகளில் இஸ்தோப்பில் நின்று கடைசிக் காம்பராவின் கதவைப் பார்ப்பேன். வெள்ளைச் சீருடை வெளியே வருகிறதா என்று. வராது. பஸ் வளைவில் ஹோர்ன் அடிப்பது கேட்கும். பஸ் போய்விடும். நான் உள்ளே வந்துவிடுவேன்.

பிறகு ஒரு மழைக் காலையில் பெரட்டில் நடந்ததை அம்மா வந்து சொன்னார். கங்காணி விளையாட்டாகத்தான் கேட்டாராம், "என்னா, மழ ஊத்துது. இன்னிக்கும் மகளுக்கு இழுப்பா?" என்று. அத்தை அவரைப் பார்த்துச் சொன்னாராம்:

"இழுப்பு இல்லைங்க கங்காணி. பயம். மல மேல வந்து விழுந்துருமோன்னு பயம். எனக்கும் இருக்கு. நீங்க மண்டபத்துல படுத்தப்போ ராவெல்லாம் முருகா முருகான்னு எங்கள எல்லாம் தூங்க விடலியே, அது என்னா வியாதிங்க?"

பெரட்டு சிரித்த சிரிப்பு தொரையின் பங்களா வரைக்கும் கேட்டிருக்கும் என்றார் அம்மா. கங்காணியும் சிரித்தாராம். எதிர்வீட்டு அம்மா சிரிக்கவில்லை. மலைக்கு ஏறும்போது அத்தையின் பக்கத்தில் வந்து, "எனக்கும் மழன்னா தூக்கம் இல்ல புள்ள," என்றாராம். தைலத்தைப் பற்றி இருவரும் ஒன்றும் பேசவில்லை.

கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருக்கவேண்டும் அல்லவா? இல்லை. நான் உடைத்ததை மகளுக்காக ஒரு அம்மா தன் பயத்தையும் சேர்த்துப் போட்டு அடைக்கவேண்டி வந்தது. அது அவர் கொடுக்க நினைத்திருந்த விஷயம் இல்லை.

சில நாள் கழித்து ஆலோசனை டீச்சரிடம் இருந்து அழைப்பு வந்தது. அந்தப் பிள்ளை தானாக வந்து, கொழும்பு அக்கா வந்தால் பேசுகிறேன், அம்மாவிடமும் கேட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். ஒரு நிபந்தனை வைத்தாள். அதை எனக்கு நேராகவே சொன்னாள். பாடசாலை வாசலில் நிறுத்தி, என் கண்ணைப் பார்த்து.

"நான் அந்த அக்காகிட்ட மட்டுந்தான் பேசுவேன். நீங்க உள்ள வரக் கூடாது. பொறகும் அவங்ககிட்ட கேக்கக் கூடாது."

"சரி," என்றேன். அதற்கு மேல் ஒரு விளக்கம் நாக்கின் நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

இதை எழுதலாமா என்று பிற்பாடு அவளிடம் கேட்டபோதும் அப்படித்தான் சுருக்கமாகப் பேசினாள். "எழுதுங்க. ஆனா நான்னு தெரியக் கூடாது." அதனால் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். எதை என்று சொல்லப் போவதில்லை.

அக்கா வந்த அன்றும் மழை. அவர்கள் இருவரும் திரைக்கு உள்ளே போனார்கள். நான் வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன், யாரும் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. பலகைச் சுவர்தானே, அதுவும் மேலே முட்டவில்லை. மழை தகரத்தில் அடித்ததால் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் மழை விட்டபோது ஒரு சொல் கேட்டது. "அக்கா" என்றாள். எந்த அக்காவைச் சொன்னாள் என்று தெரியவில்லை. அடுத்த சொல்லுக்காக என் கழுத்து தானாகவே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

குடையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். படி இறங்கி மைதானத்தில், ஒன்றும் கேட்காத தூரத்தில், போய் நின்றேன். அறைக்குப் போகிற வழியையும் அங்கிருந்து பார்க்கலாம்.

எனக்குக் கணிதம் படிப்பித்த சேர் வராந்தாவில் வந்தார். "ஏம்மா மழையில நிக்கிற? இங்க வா. உள்ள யாரு?"

"தெரியாதுங்க சேர்," என்றேன்.

"தெரியாமலா காவல் நிக்கிற?"

"ஆமாங்க சேர்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். வகுப்பில் கேள்வி கேட்டு முடிவதற்குள் பதில் சொன்னவள் நான் என்று அவருக்குத் தெரியும்.

மழை மறுபடியும் பலத்தது. அவள் வெளியே வந்ததும் படியருகே போனேன், அவள் கண் சிவந்திருந்தது. அழுதாளா, சிரித்தாளா, என்னைத் திட்டினாளா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. வராந்தாவின் விளிம்பில் நின்று மலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"குடைய குடுங்க."

கொடுத்தேன். பாடசாலை வாசல் பக்கம் போகப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் மைதானத்தைக் குறுக்கே வெட்டி வகுப்பறைப் பக்கம் நடந்தாள். கதவருகே குடையை மடக்கி, உதறி, சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனாள். மலைப் பக்கத்து ஜன்னலை யாரோ சாத்தினார்கள். அவளாகக்கூட இருக்கலாம்.

நான் நனைந்துகொண்டே பஸ்ஸுக்கு நடந்தேன். அந்தக் குடை இன்னும் கடைசிக் காம்பராவின் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. மழைக் காலையில் அது வெளியே வருவதை இஸ்தோப்பில் நின்று பார்க்கிறேன். சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. நான் கேட்கவில்லை.